முதல் உருண்டையின் ஆழம்

ஜெல் கட்டியை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் அதை விரலால் ஒரு முறை அழுத்திப் பார்ப்பார்கள். போன திங்கட்கிழமை புதிதாக வேலைக்குச் சேர்ந்த நீங்கள் மூவரும் அதைத்தான் செய்தீர்கள். ஏழு வருடங்களுக்கு முன்பு நானும் செய்தேன். நோன்பு திறக்க எங்கள் வீட்டில் காய்ச்சி ஆற வைக்கும் கடல்பாசி மாதிரி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்தே ஸ்டோர் செல்வம் அண்ணன், "திங்கிற சாமான் இல்ல தாயி, கைய எடு" என்றார்.

அடுத்த மாதம் முதல் நான் இந்த அறையில் இருக்க மாட்டேன். துணி சோதிக்கும் பிரிவுக்கு மாறிப் போகிறேன். முப்பத்தோரு வயதில் இதை ஓய்வு என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் துப்பாக்கிச் சத்தத்திலிருந்து காதுக்கு ஓய்வுதான். தூளை எப்படிக் கரைப்பது, எத்தனை மணி நேரம் குளிர வைப்பது என்பதெல்லாம் பர்மிய மொழியில் தடிப் புத்தகமாக அலமாரியில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போகும் சம்பவத்தில் பாதி தமிழில்தான் நடந்தது. உங்களில் ஒருத்திக்குத் தமிழ் வாசிக்க வரும். மற்ற இருவருக்கும் காதால் கேட்டால் புரியும். அவள் வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள்.

நம் வேலையைப் பற்றி வெளியே கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் சின்னது. பணப்பெட்டி வண்டியோடு போகும் காவலர்கள் உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து வந்தால் மட்டும் சுட வேண்டியவர்கள். அவர்களுடைய தோட்டா ஒரு மனித உடம்புக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பதை மனித உடம்பில் பார்க்க முடியாது. அதனால் சதையைப் போல எதிர்க்கும் இந்தக் கட்டியில் சுட்டுப் பார்க்கிறோம். குண்டு சீக்கிரம் நின்றுவிட்டால் தாக்க வந்தவன் நிற்க மாட்டான். துளைத்துக்கொண்டு வெளியே போனால் அவனுக்குப் பின்னால் பஸ்ஸுக்கு நிற்பவர் விழுவார். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கொஞ்ச இடத்தைத்தான் நாம் அளக்கிறோம்.

ஆனால் கட்டி சரியாக இருந்தால்தான் அளவு சரியாக இருக்கும். அதற்காகத்தான் ஒவ்வொரு கட்டியிலும் முதலில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு சின்ன எஃகு உருண்டையைச் சுடுகிறோம். அது எட்டரை சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும், ஒரு சென்டிமீட்டர் முன்பின் இருக்கலாம். அதற்குக் குறைந்தால் கட்டி இறுகிவிட்டது, கூடினால் தளர்ந்துவிட்டது. இரண்டிலும் கட்டியை உருக்கிவிட்டு மறுபடி செய்ய வேண்டும். புத்தகத்தில் இது மூன்று வரி. நான் தடுக்கி விழுந்தது இந்த மூன்று வரியில்.

விழுந்ததைச் சொல்வதற்கு முன் தூளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் வாங்கும் ஜெலட்டின் பன்றித் தோலிலிருந்து எடுப்பது. நான் முஸ்லிம் வீட்டுப் பெண். வேலைக்கு எடுக்கும்போதே சயாமா, அதாவது நம் தலைவி டோ கின், இதை மறைக்காமல் சொன்னார். எனக்கு அந்த வேலை வேண்டும். போட்டாதாங் ஜெட்டியில் மூட்டை தூக்கும் என் வாப்பா சம்பளத் தாளில் கட்டை விரலை உருட்டுபவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வேதியியல் படித்துவிட்டுக் கடையில் பில் போட எனக்கு மனமில்லை. "எனக்கு ஒண்ணும் இல்ல சயாமா, வேலைதானே" என்று சொன்னேன். கையுறை கூட நானாகக் கேட்கவில்லை. அறையில் இருந்தவை ஆண்கள் அளவு. மணிக்கட்டில் வாய் பிளந்து நின்றன, தூள் உள்ளே போகும்.

எங்கள் வீட்டு வழக்கப்படி பன்றி பட்ட கையை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரில். த்வாண்டே சந்தையில் வாங்கிய ஒரு சின்ன மண் சட்டியில் சுத்தமான மண் எடுத்து அறைக்குப் பின்னால் குழாயடியில் வைத்துக்கொண்டேன். தினமும் வேலை முடிந்ததும் போய்க் கழுவிவிட்டு வருவேன். யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் சலுகை கேட்கிறாள் என்று நினைப்பார்கள். சலுகையில் இந்த வேலைக்கு வந்தவள் என்ற பேச்சு என்மேல் விழக் கூடாது என்பதில் அப்போது எனக்கு வெறியே இருந்தது.

மூன்றாவது வருடம் எனக்குக் கையெழுத்து உரிமை கிடைத்தது. சயாமா ஊரில் இல்லாதபோது அறிக்கையில் நான் கையெழுத்துப் போடலாம். அந்த உத்தரவு வந்த மாதமே சயாமா ஒரு வார வேலையாக மண்டலே போனார். போன மறுநாள், வியாழக்கிழமை, பணப்பெட்டி வண்டிக் கம்பெனியின் மேலாளர் கோ ஜோ புதுத் தோட்டாப் பெட்டிகளோடு வந்தார். இனி வரும் உரையாடல்களில் பர்மிய மொழியில் பேசியவற்றையும் தமிழாக்கித்தான் தருகிறேன். நூர் என்ற என்னை அவர்கள் மரியாதையாக மா நூர் என்பார்கள்.

"மா நூர், திங்கட்கிழமை காலையில இத ஆளுங்களுக்குக் கொடுக்கணும். பழைய தோட்டா துளைச்சுட்டுப் போகுதுன்னு நீங்கதானே போன வருஷம் எழுதிக் கொடுத்தீங்க. இது உள்ளயே நிக்கும்னு விக்கிறவன் சொல்றான். நீங்க பாத்துச் சொல்லுங்க."

அன்றைக்குக் காலையிலிருந்தே கரண்டு இல்லை. ஜெனரேட்டர் இருமிக்கொண்டே ஓடியது. குளிர்ப்பெட்டியிலிருந்து கட்டியை எடுத்துவிட்டால் அரைமணி நேரத்துக்குள் சுட்டு முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சூடேறிவிடும். கோ ஜோ நாற்காலியை இழுத்துப் போட்டுக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே உட்கார்ந்தார். சுடுகிறவர் ஊ லா, முன்பு ராணுவத்தில் இருந்தவர், குறி தவறாதவர். அவர் உருண்டையைச் சுட்டார். நான் அளந்தேன். ஏழு புள்ளி மூன்று.

குறைந்தபட்சம் ஏழரை வேண்டும்.

"கட்டி மேல்பக்கம் கொஞ்சம் அதிகமா குளுந்திருக்கும்," என்றார் ஊ லா. "இன்னொண்ணு போடறேன்."

இரண்டாவது, ஏழு புள்ளி இரண்டு.

ஜெனரேட்டர் ஒரு முறை அடங்கி மறுபடி எழுந்தது. கோ ஜோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் முதல் தடவையாக என் கையெழுத்துக்காக ஒருவர் வெளியே காத்திருக்கிறார். நான் உள்ளே நின்றுகொண்டு "கட்டி சரியில்லை, போய்விட்டு இன்னொரு நாள் வாருங்கள்" என்று சொல்ல வேண்டும். சயாமா இல்லாத முதல் வாரத்திலேயே ஒரு கட்டி செய்யத் தெரியவில்லை என்று ஆகிவிடாதா? "இன்னொன்று போடுங்கள்" என்று ஊ லாவிடம் சொன்னது நான்தான். அவர் காற்றுத் துப்பாக்கியின் அழுத்தத்தை ஒரு தடவை சரிபார்த்துவிட்டுச் சுட்டார்.

ஏழு புள்ளி ஆறு.

படிவத்தில் உருண்டைக்கு ஒரே ஒரு கட்டம் இருந்தது. அதில் 7.6 என்று எழுதினேன். பொய் எழுதவில்லை, அந்த அளவு உண்மையாகவே வந்தது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு தோட்டாக்கள். ஐந்தும் கட்டியின் மறுபக்கத்துக்கு மூன்று விரல் அளவு முன்னாலேயே நின்றன. குண்டின் முனை பூப்போல விரிந்திருந்தது. கோ ஜோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்று பார்த்தார். வெள்ளிக்கிழமை அறிக்கையை வாங்கிப் போனபோது, "கையெழுத்து நல்லா இருக்கு மா நூர், படிக்கக் கூட முடியுது" என்று கிண்டல் செய்தார். எனக்கு அன்று முழுவதும் தரையில் கால் பாவவில்லை.

சனிக்கிழமை மதியம் அறையைக் கழுவிவிட்டுக் குழாயடிக்குப் போனேன். செல்வம் அண்ணன் ஸ்டோர் வாசலில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார். இன்சீன் ரயில்வே பட்டறைக் குடியிருப்பில் இருப்பவர். தமிழ் பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார்.

"நூரு, இனிமே அந்த மண்ணெல்லாம் வேணாம்."

"எந்த மண்ணு?"

"அதான் சட்டில வச்சிருக்கியே. ஸ்டோர் ஜன்னலுக்கு நேரா நின்னு ஏழு தடவ கழுவுறே. மொதல்ல புள்ளைக்கு ஏதோ சொறி சிரங்குன்னு நெனச்சேன். அப்புறம் நம்ம பள்ளிவாசத் தெரு பாய்கிட்ட கேட்டேன். அவருதான் வெவரம் சொன்னாரு."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "அதுக்கென்ன இப்ப?"

"அதுக்கென்னவா? கை வெடிச்சுப்போய்க் கிடக்கு, பாக்க சகிக்கல. அதான் போன வாரம் வந்த மூட்டைய மாத்தி வாங்கிட்டேன். இது மாட்டுத் தோலுத் தூளு. ஹலால்னு மூட்டையிலயே போட்டிருந்துச்சு. யாரும் நோண்டிக் கேக்க வேணாம்னு பழைய டின்லயே கொட்டி வச்சுட்டேன்."

"யாரு உங்கள மாத்தச் சொன்னா?"

"யாரும் சொல்லல. உன்கிட்ட கேட்டிருந்தா வேணாம்னுதானே சொல்லியிருப்பே."

சொல்லியிருப்பேன். அதில் சந்தேகமில்லை.

"நீங்க மாடு தொடமாட்டீங்களே அண்ணே."

"நான் திங்கவா போறேன்? மூட்டையத் தூக்கினேன், கொட்டினேன். எம்பொண்டாட்டிக்கு மட்டும் தெரிய வேணாம். சட்டைய வாசல்லயே கழட்டிப் போட்டுட்டு உள்ள வான்னு சொல்லுவா." அவர் சிரித்தார். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டு அதைச் சொல்ல ஒரு வாரம் காத்திருந்தவரின் சிரிப்பு அது.

குழாயைத் திறந்து விட்டபடியே நின்றேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, வியாழக்கிழமை கட்டி அந்தத் தூள்லயா?"

"ஆமா, அதுதான் மொத கட்டி. ஏன், தூளுன்னா தூளுதானே. பத்துக்கு ஒண்ணு, அதே தண்ணி."

ஒரே அளவு தண்ணீரில் ஒரே எடைத் தூளைப் போட்டாலும் எல்லாத் தூளும் ஒரே மாதிரி உறைவதில்லை. இது இறுகி உறைந்திருக்கிறது. அதைத்தான் முதல் உருண்டை ஏழு புள்ளி மூன்று என்று சொல்லியது. இரண்டாவதும் அதையே சொன்னது. இறுகிய கட்டியில் நின்ற குண்டு உடம்பில் நிற்கும் என்று சொல்ல முடியாது. நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாளில் அந்தக் குண்டு நிற்கும் என்று இருக்கிறது. நாளை மறுநாள் காலையில் அதைக் காவலர்கள் துப்பாக்கியில் போட்டுக்கொள்வார்கள்.

செல்வம் அண்ணனிடம் சொன்னேன். பீடியை அணைத்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உருண்டை பாஸ் ஆச்சுன்னு சொன்னாங்களே."

"மூணாவது பாஸ் ஆச்சு."

"அப்ப பாஸ்தானே?"

"மொத ரெண்டு ஆகல அண்ணே. நான் எழுதல."

அவர் படியிலிருந்து எழுந்தார். பிறகு, "என் பேரச் சொல்லிடு. நான்தான் தூள மாத்தினேன். உனக்குப் புது உத்தரவு, கெட்டுப்போயிடும்" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்கு அது வசதியாகத்தான் பட்டது. பட்டியலில் இல்லாத தூளை ஸ்டோர்காரர் கேட்காமல் மாற்றினார், கட்டி கெட்டது. கேட்பவர்கள் எல்லோரும் ஏற்றுக்கொள்ளும் காரணம். ஆனால் தூள் கெட்டிருந்தால் அதைப் பிடிப்பதற்குத்தான் உருண்டை இருக்கிறது. உருண்டை பிடித்துக் கொடுத்தது. நான் விட்டுவிட்டேன்.

அந்த மதியம் எனக்குத் தெரியாத விஷயமும் ஒன்று இருந்தது. அந்தத் தோட்டா சரியான கட்டியிலும் நின்றுவிடலாம். வேறொரு டின்னில் பழைய தூள் கொஞ்சம் மீதம் இருந்தது. ஆனால் கரைத்து ஊற்றி, உறைந்து, குளிர்ந்து சுடுவதற்குத் திங்கட்கிழமை தாண்டிவிடும். அதனால் கையில் ஒரு ஆதாரமும் இல்லாமல்தான் கோ ஜோவுக்குப் போன் செய்தேன்.

"அறிக்கைய நிறுத்தி வைங்க கோ ஜோ. கட்டி சரியில்ல."

"துளைச்சுட்டுப் போகுதுங்கிறீங்களா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"தெரியாதுன்னுதான் சொல்றேன். அந்தத் தாள்ல தெரியும்னு எழுதியிருக்கேன். அது தப்பு."

அந்தப் பக்கம் நீண்ட மூச்சு. "வெள்ளிக்கிழமை தெரிஞ்சது சனிக்கிழமை தெரியாமப் போயிடுச்சா? உங்க சயாமா சொல்லட்டும், கேக்கிறேன்." வைத்துவிட்டார்.

மண்டலேக்கு லைன் கிடைக்க ஒரு மணி நேரம் ஆனது. சயாமா நான் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. தூளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "முதல் உருண்டை எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "அத எங்க எழுதினே?" என்றார். எங்கேயும் எழுதவில்லை என்றேன். பிறகு, "போன்ல கேட்டாத் தரமாட்டாங்க. நேரா போ. தாள உன் கையால வாங்கிட்டு வா. நான் இப்பவே கோ ஜோகிட்ட பேசமாட்டேன். கையெழுத்து உன்னது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இன்சீனில் சுற்று ரயிலைப் பிடித்து நகரத்துக்கு வந்து, அங்கிருந்து ஸ்ட்ராண்ட் ரோடு வரை நடந்தேன். கம்பெனியின் வண்டிக் கொட்டகை போட்டாதாங் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அன்றும் ஒரு பணப்பெட்டி வண்டி கிடங்கு வாசலில் நின்றது. அதன் பக்கத்தில் ஒரு காவலர். அவருக்கு எதிரே நாலு அடியில் மொஹிங்கா என்ற மீன்குழம்புச் சேமியா விற்கும் ஒரு பெண், அவளைச் சுற்றிக் குட்டி ஸ்டூல்களில் எட்டு பத்துப் பேர், அவர்களுக்கும் பின்னால் படகுக்குப் போகிற கூட்டம். நான் மூன்று வருடமாகக் கட்டியின் பின்புறத்தில் மணல் மூட்டை மட்டும் பார்த்துப் பழகியவள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

கோ ஜோ என்னைப் பார்த்ததும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். உட்கார வைத்துத் தேநீர் சொல்லிவிட்டு, நிதானமாகக் கேட்டார்.

"ஒரு விஷயம் சொல்லுங்க மா நூர். நாளைக்கு ஆளுங்க வெறும் துப்பாக்கியோட நிக்க முடியாது. புதுசு வேணாம்னா பழசத்தான் போடணும். பழசு துளைச்சுட்டுப் போகும்னு நிச்சயமாத் தெரியும். புதுசு ஒருவேளை நிக்கும். நிச்சயமான கெட்டதா, ஒருவேளை நல்லதா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

இந்தக் கேள்வி வரும் என்று ரயிலில் நான் நினைத்துப் பார்க்கவில்லை. கணக்குப் போட்டால் அவர் சொல்வதுதான் சரி. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. துப்பாக்கிகளைத் துடைத்துக்கொண்டிருந்த காவலர்களில் மூத்தவர் ஒருவர், தலை நரைத்தவர், எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு இருந்தார். அவரிடம் திரும்பிக் கேட்டேன்.

"இப்ப நீங்க எப்படி நிக்கிறீங்க, பெரியவரே? பழைய தோட்டா வச்சுக்கிட்டு."

"எப்படின்னா? செவுத்த எதிரே வச்சுத்தான் நிப்போம். இது துளைச்சுட்டுப் போற சாமான். எதிராளி எங்க வந்தா பின்னால செவுரு இருக்கும்னு பாத்துத்தான் வண்டியவே நிறுத்துவோம்."

"புதுசுக்கு?"

அவர் கோ ஜோவை ஒரு பார்வை பார்த்தார். "வெள்ளிக்கிழமை வகுப்பெடுத்தாங்க. இது உடம்புக்குள்ளயே நின்னுடும், பின்னால யாருன்னு யோசிச்சு நேரத்த வீணாக்க வேணாம், பயப்படாம சுடலாம்னாங்க. இன்னிக்கே பசங்க வண்டிய கூட்டத்துப் பக்கமா நிறுத்திட்டாங்க. நெழலு இருக்குதாம்."

பதில் எனக்கு அங்கேதான் கிடைத்தது. "கோ ஜோ, பழசு ஆபத்துன்னு தெரிஞ்சவங்க ஜாக்கிரதையா நிக்கிறாங்க. என் தாள நம்புறவங்க பின்னால பாக்க மாட்டாங்க. தோட்டா எப்படியோ, எனக்குத் தெரியாது. அந்தத் தாள் ஆபத்து. அதத்தான் வாங்க வந்திருக்கேன்."

கோ ஜோ தேநீரைக் குடித்து முடித்தார். அவசரமே இல்லாமல் குடித்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து அறிக்கையை எடுத்து மேசையில் வைத்தார். "எப்பத் தெரியும்?" என்றார்.

"புதன்கிழமை."

"அது வரைக்கும் பழசு," என்று மூத்தவரிடம் சொன்னார். "வண்டிய செவுத்துப் பக்கம் மாத்தச் சொல்லுங்க."

புதன்கிழமை பழைய தூளில் செய்த கட்டியில் முதல் உருண்டை எட்டு புள்ளி நான்கு. ஊ லா ஐந்து தோட்டாக்களைச் சுட்டார். இரண்டு கட்டிக்குள் நின்றன. மூன்று மறுபக்கம் வெளியே போய் மணல் மூட்டையில் புதைந்தன. மணலைச் சலித்து அந்த மூன்றையும் எடுத்து வரிசையாக வைத்தேன். அந்த மூன்றும் நின்றிருந்தாலும் நான் செய்தது அதே தப்புத்தான் என்பதை நீங்கள் மறக்க வேண்டாம். எனக்குக் கூட அது புரிய நாளானது. துளைத்துப் போனதால் நான் தப்பைச் சொன்னது சரியாகிவிட்டது என்று கொஞ்ச நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சயாமா திரும்பி வந்ததும் என்ன நடந்தது என்று எழுத்தில் கேட்டார். செல்வம் அண்ணனின் பெயரை விட்டுவிட்டு எழுதலாமா என்று ஒரு பகல் முழுவதும் யோசித்தேன். அவர் எனக்காகச் செய்தவர். ஆனால் ஏழு புள்ளி மூன்றை எழுதாமல் விட்டவள், இப்போது தூளையும் எழுதாமல் விட்டால் அது அதே காரியத்தின் இரண்டாவது தடவை. அவரிடமே போய்ச் சொன்னேன்.

"நான் என் தப்ப எழுதறேன். தூளப் பத்தி நான் எழுதினா காட்டிக் கொடுத்த மாதிரி இருக்கும். நீங்களே எழுதுங்க அண்ணே."

"எனக்குப் பர்மிய எழுத்து கோழி கிண்டின மாதிரி வரும்."

"பரவால்ல. சயாமாவுக்குப் படிக்கத் தெரியும்."

அவர் எழுதினார். நாலு வரி. 'நூருக்குக் கை வெடித்திருந்தது, கேட்காமல் மாற்றினேன்' என்று காரணத்தையும் எழுதியிருந்தார். சயாமா இரண்டு தாள்களையும் படித்துவிட்டு முதலில் என் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு தீர்ப்பு. கையெழுத்து உரிமை ஒரு வருடத்துக்கு இல்லை. செல்வம் அண்ணன் இனிமேல் எந்தத் தூள் வாங்கினாலும் இரண்டு பேர் பார்த்து எழுத வேண்டும். எனக்கு முழங்கை வரை வரும் பெண்கள் அளவுக் கையுறை. அதைக் கொடுக்கும்போது சயாமா கடுமையாகத்தான் பேசினார்: "நீ வாயத் திறந்து ஒரு கையுறை கேட்டிருந்தா இது எதுவும் நடந்திருக்காது. கேக்காம இருக்கறது திறமைன்னு உனக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டது. உங்களுக்கு ஏதாவது வேண்டுமென்றால் கேளுங்கள். உங்களுக்கு என்ன தேவை என்று தெரியாமல் இருக்கும்போது நல்ல மனசுக்காரர்கள் ஊகித்துச் செய்வார்கள். ஊகித்துச் செய்ததை எந்தப் படிவத்திலும் எழுத மாட்டார்கள்.

அந்த ஒரு வருடம் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அறிக்கையை நானே தயாரித்து, கையெழுத்துக்கு சயாமாவின் மேசையில் வைத்துவிட்டு நிற்பேன். வாப்பாவிடம் உரிமை போனதைச் சொல்லவே இரண்டு மாதம் ஆனது. அவர், "வேலை இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்பச் சாப்பிடு" என்றார்.

ஐந்தாறு மாதம் கழித்து கோ ஜோ வேறொரு தோட்டாவோடு வந்தார். வேறு சோதனைச்சாலைக்குப் போயிருப்பார் என்றே நான் நினைத்திருந்தேன். சயாமாவின் அறையில் அவர் பேசியது கதவு வழியாகக் கேட்டது. "கையெழுத்து யார் வேணும்னாலும் போடுங்க சயாமா. உருண்டை சுடும்போது அந்தப் பொண்ணு நிக்கணும்."

நின்றேன். அன்றைக்கும் கரண்டு இரண்டு தடவை போய்விட்டு வந்திருந்தது. கட்டி தொடும்போதே மெத்தென்று இருந்தது. ஊ லா உருண்டையைச் சுட்டார். ஒன்பது புள்ளி ஏழு. அதிகபட்சம் ஒன்பதரை.

ஊ லா என்னைப் பார்த்தார். காற்றுத் துப்பாக்கியை இறக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே கோ ஜோ தன் கடிகாரத்தைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. படிவத்தில் 9.7 என்று எழுதினேன். மை காய்ந்த பிறகு வெளியே போனேன்.

"கட்டி தளர்ந்துபோச்சு கோ ஜோ. இன்னிக்குச் சுட முடியாது. புதுசா ஊத்தணும். வெள்ளிக்கிழமை வாங்க."

அவர் தோட்டாப் பெட்டியை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"காலையிலயா, மத்தியானமா?" என்று கேட்டார்.